வெள்ளைக் கோழியின் கறுப்புக் குஞ்சுகள்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் முதலாளி என் கையில் ஒரு கோழியைக் கொடுத்தார்.

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் அவருடைய கடை இருந்தது. துறைமுகத்தில் வந்து நிற்கும் நீராவிக் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், காய்கறி, இறைச்சி, முட்டை முதலிய உணவுப் பொருள்களை அனுப்புவது அவர் தொழில். சரக்கைச் சரிபார்த்துப் படகில் ஏற்றும் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்து நான் சென்றிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கிடைத்த வேலை எதுவாயினும் மறுத்துப் பேசும் நிலையில் எவரும் இல்லை.

"என்னவே முழிக்கீரு? காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்காதேயும். நெஞ்சுக்குக் கீழ கையக் கொடுத்து ஏந்தும். இது தெருவுல மேயுத கோழி இல்ல" என்றார்.

முதலாளியின் பெயர் பொன்னையா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் வந்து ராயபுரத்தில் தொழில் தொடங்கியவர். வேட்டியும் சட்டையும் எந்நேரமும் சலவை வெண்மையாக இருக்க வேண்டும் அவருக்கு. மற்றவை அனைத்திலும் சென்னைவாசியாகிவிட்ட அவர், பேச்சில் மட்டும் தம் ஊரை விடவில்லை.

அக்கோழியைப் பற்றிச் சிறிது விரித்தே எழுத விரும்புகிறேன். உடல் முழுதும் வெண்மை. கழுத்தைச் சுற்றி மட்டும், யாரோ பேனாவை உதறியதுபோல, கறுப்பும் செம்புமாகச் சில புள்ளிகள். கால்கள் மஞ்சள். கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணை மறைத்தது. எடை அதிகமில்லை. தீனியும் அளவாகவே தின்னும். ஆனால் காலையில் ஒரு முட்டை இட்டால் மறுநாள் காலையும் ஒன்று இடும். அதற்கு மறுநாளும் இடும். வாரத்தில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் ஓய்ந்தால் அதிகம். நாட்டுக்கோழியை மட்டுமே கண்டு வளர்ந்த எனக்கு முதல் மாதம் இது ஒரு கண்கட்டு வித்தை போலவே இருந்தது.

நாட்டுக்கோழியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது ஒரு ஈடு முட்டையிட்டு, அடை உட்கார்ந்து, குஞ்சு பொரித்து, அவற்றைக் கூட்டிக்கொண்டு திரிந்து, பிறகுதான் மறுபடி முட்டைக்கு வரும். வீட்டுக்கு அது போதும். கப்பலுக்குப் போதாது. மழைக்காலத்தில் கடைவீதி முழுதும் முட்டை அற்றுப்போகும். கப்பலின் தலைமைப் பட்லரோ கோழி எழுந்திருக்கும்வரை நங்கூரத்தைப் போட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டான்.

அந்தக் குறையைத் தீர்க்கவே முதலாளி இக்கோழிகளை உண்டாக்கினார். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்புறம் பெரேரா என்ற ஆங்கிலோ-இந்தியர் வசித்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமிருந்து லெகார்ன் என்ற சீமை இனத்து வெள்ளைச் சேவல் ஒன்றையும், ரோட் ஐலண்ட் என்ற செம்பு நிறச் சீமைக்கோழிகள் சிலவற்றையும் முதலாளி வாங்கிச் சேர்த்தார். பிறந்த குஞ்சுகள் அனைத்தும் வெள்ளை.

பெரேரா அவற்றைக் கண்டு, "இது லெகார்னும் இல்ல மேன், ரோட் ஐலண்டும் இல்ல. கிராஸ். அப்பன் சாதிகிட்டருந்து முட்டைய வாங்கிச்சு, அம்மா கிட்டருந்து ஒடம்புத் தெம்ப வாங்கிச்சு. ரெண்டையும் மிஞ்சும் பாரு" என்றார். சொன்னபடியே மிஞ்சின.

2. வாரம்

திருவொற்றியூரில் கடைக்குச் சொந்தமான கிடங்கின் கொல்லையில் இக்கோழிகளை அடைத்து வைத்திருந்தோம். ஓரிடத்தில் பல கோழிகள் கூடினால் வெள்ளைக் கழிச்சல் நோய் வரும் என்பதை ஒரு கோடையில் கற்றுக்கொண்டோம். காலையில் நின்ற கோழி மாலையில் கிடந்தது. எஞ்சியவற்றைக் காப்பாற்ற, அவற்றைப் பிரித்து வீடுகளில் விடுவது என்று முதலாளி தீர்மானித்தார்.

அதற்கு ஏற்ற வழக்கம் ஒன்று முன்பே இருந்தது. ஆட்டையோ கோழியையோ ஒருவர் மற்றொருவரிடம் வளர்க்கக் கொடுப்பார். பிறக்கும் குட்டியிலும் குஞ்சிலும் இருவருக்கும் பாதி. இதை வாரத்துக்கு விடுவது என்பார்கள். குஞ்சுகளைக் கூடையிலிட்டு எதிரெதிரே அமர்ந்து, உடையவர் முதலில் ஒன்றை எடுப்பார், வளர்த்தவர் அடுத்ததை எடுப்பார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. முதலாளியின் ஊரிலும் இந்த வழக்கம் உண்டு, எங்கள் கடலோரத்திலும் உண்டு. ஆகையால் எவரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. முட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னால் வந்த தொல்லை அனைத்துக்கும் வித்து அங்கேதான் விழுந்தது.

கல்மண்டபத்துக்குக் கிழக்கே இருந்த குப்பத்தில் வீட்டுக்கு ஒன்றிரண்டு கோழிகளாகப் பல பெண்களிடம் கொடுத்தோம். அவர்களில் ஒருத்தி அஞ்சலை. அவள் கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடந்தான். அவள் கரையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகச் சென்று விற்றுக் குடும்பத்தை நடத்தினாள். விடியற்காலையில் ஏலக்காரர் கூடை நிறைய மீன் கொடுப்பார், விற்றபின் மாலையில் கணக்குத் தீர்ப்பாள். கையில் முதல் இல்லாத பெண்ணுக்கு அந்தக் கூடை நம்பிக்கையின்பேரில் மட்டுமே கிடைக்கும். பெயர் கெட்டால் கூடை இல்லை. கூடை இல்லையேல் அன்று அடுப்பு இல்லை.

நான் கொடுத்த கோழியை அவள் கையில் ஏந்திப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, கோழியா இது, புறாவா? ஒரு புடி எடை இல்ல" என்றாள். ஒரு வாரம் கழித்துச் சென்றபோது, "அண்ணாத்தே, இது கோழி இல்ல, மிஷினு!" என்றாள்.

3. உட்கார மறுத்த கோழி

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கோழி முட்டையிட்டுக்கொண்டே இருந்தது. அடை உட்காரவில்லை. அடை உட்காராவிட்டால் குஞ்சு ஏது? குஞ்சு இல்லாவிட்டால் வாரம் ஏது?

குப்பத்துப் பெண்களுக்கு அடைக்கோழியை எழுப்பும் வித்தைகள் தெரியும். தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைச் செருகுவார்கள். எழுந்திருக்கும் கோழியை உட்கார வைக்கும் வித்தை எவருக்கும் தெரியாது. அஞ்சலை தானே ஒன்றைக் கண்டுபிடிக்க முயன்றாள். மண்சட்டியில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, கோழியை மேலே இருத்தி, கூடையைக் கவிழ்த்து, அதன்மீது அம்மிக் குழவியை வைத்தாள். மறுநாள் கூடையைத் திறந்தால் கோழி ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது. சட்டியில் ஒரு முட்டை கூடியிருந்தது. அதற்கு மறுநாளும் அவ்வாறே.

"ஜெயில்ல போட்டாலும் முட்டைதான் போடுது, உக்கார மாட்டேங்குது. நான் இன்னாதான் பண்றது?" என்று என்னிடம் முறையிட்டாள்.

பல வீடுகளில் கோழி மலடு என்று முடிவு செய்து முட்டையைத் தின்றார்கள், விற்றார்கள். அஞ்சலை அவ்வாறு செய்யவில்லை. முட்டையில் முதலாளிக்குப் பாதி குஞ்சு இருக்கிறது என்பது அவள் எண்ணம். எதிர்வீட்டுப் பாக்கியத்திடம் ஒரு நாட்டுக்கோழி அடையில் இருந்தது. பொரித்தால் ஒரு குஞ்சு தருவதாகச் சொல்லி அக்கோழியை இரவல் வாங்கி, சீமைக்கோழியின் முட்டைகளை அதன்கீழ் வைத்தாள். குஞ்சுகள் பொரிந்தன. பாக்கியத்துக்குத் தருவதாகச் சொன்ன குஞ்சைக் காக்கை தூக்கிச் சென்றது. மீதிக் குஞ்சுகளில் கைவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஏச்சு மட்டும் இருந்தது.

4. கூடையைத் திறந்தபோது

தாயை விட்டுப் பிரியும் பருவம் வந்ததும், அஞ்சலை குஞ்சுகளைக் கூடையிலிட்டுத் துணியால் மூடிக் கடைக்குக் கொண்டுவந்தாள். குப்பத்திலிருந்து குஞ்சு கொண்டுவந்த முதல் ஆள் அவளே. முதலாளி மகிழ்ச்சியுடன் மணைப்பலகையை இழுத்துப் போட்டு எதிரில் அமர்ந்தார். துணியை நீக்கினாள். வெள்ளைக் குஞ்சுகள் மூன்று. கறுப்பு இரண்டு. செவலையும் வரிக்கோடுமாக இரண்டு.

"மொதல்ல நீ ஒண்ணு எடு நைனா. அப்பால நான் எடுக்கறேன்" என்றாள்.

முதலாளியின் கை நீளவில்லை. "இந்த வெள்ளை மூணும் எங்கோழிக் குஞ்சு. சரி. இந்தக் கறுப்பும் செவலையும் யார் வீட்டுக் குஞ்சு, தாயி?"

"உன் வூட்டுக் குஞ்சுதான். எல்லாம் ஒரே சட்டில பொரிச்சது."

"செவலைக் கோழிக்கே எங்கிட்ட வெள்ளைக் குஞ்சுதான் பொறந்துது. ஒண்ணு தப்பல. வெள்ளைக் கோழிக்குக் கறுப்பு எங்கிருந்து வரும்? நல்ல குஞ்சை வித்துப்புட்டு, தெருவுல பொறுக்குனதப் போட்டு நிரப்பிக் கொண்டாந்திருக்க."

அவர் கூற்றில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. கொல்லையில் நாங்கள் கண்டது அதுதான். வெண்மை எந்த நிறத்தோடு சேர்ந்தாலும் வெண்மையே வென்றது. அஞ்சலைக்கோ இதில் வியப்புக்கு இடமே இல்லை. குப்பத்தில் ஒரு தாய்க்கு நான்கு நிறத்தில் குஞ்சு பிறப்பது அவள் நாள்தோறும் காண்பது.

"மெய்யாலுமே சொல்றேன் நைனா..."

"கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணுதியா?"

அவள் எழுந்து நின்றாள். "பண்ண மாட்டேன். இன்னிக்குக் கோழிக்குஞ்சுக்குக் கற்பூரம் அணைச்சா, நாளைக்கு மீன் முள்ளுக்கு அணைக்கச் சொல்லுவ. கோழி உன்னுதுதானே? இட்டுகினு போ. உன் வூட்டுலயே முட்டை போடட்டும், உன் வூட்டுலயே பொரிக்கட்டும். கறுப்பு வரலைன்னா என் மூஞ்சில கரி பூசு."

முதலாளி குஞ்சுகளைத் தொடாமல் கூடையைத் துணியால் மூடி அவள் பக்கம் தள்ளினார். "சரி. கோழியே சொல்லட்டும்" என்றார்.

கடைவாசலில் நின்றவர்கள் வழியாகச் செய்தி அன்று மாலைக்குள் கரையை எட்டிவிட்டது. மறுநாள் விடியலில் ஏலக்காரர் அவள் கூடையைத் தொடவில்லை. "கோவிச்சுக்காத அஞ்சல. பேரு சுத்தமாவட்டும், அப்பால கூடைய எடுத்துகினு வா" என்றாராம். அவள் பிறர் மீனை உப்பிட்டுக் காயவைக்கும் கூலி வேலைக்குச் சென்றாள்.

5. முதல் சோதனை

அஞ்சலையின் வீட்டிலிருந்து திருவொற்றியூர்க் கொல்லைக்குக் கோழியைக் கொண்டுசெல்லும் பொறுப்பு என்னுடையது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் சென்றேன். டோல்கேட்டைத் தாண்டும் இடத்தில் சாலை குண்டும் குழியுமாக இருக்கும். வண்டி குலுங்கிய குலுக்கலில் என் பற்களே ஆடின. அத்தனைக்கும் நடுவில் கோழி உடலைத் தாழ்த்தி அமர்ந்தது. சற்றுக் கழித்து எழுந்து கொக்கரித்தது. கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக ஒரு முட்டை.

ஜட்காக்காரன் திரும்பிப் பார்த்து, "பயணத்துலயும் டூட்டி பாக்குதே, இன்னா கோழிண்ணா இது! என் குதிர நின்னா நின்ன எடத்துல தூங்குது" என்றான்.

அக்கோழி ஒரு வீட்டை இழந்திருந்தது. பழக்கமில்லாத கைகள் அதைப் பிடித்திருந்தன. நாட்டுக்கோழியாயின் மாதக்கணக்கில் முட்டையை நிறுத்தியிருக்கும். இது ஒரு வேளையையும் தவறவிடவில்லை. உடன் பணிபுரியும் ஒருவரிடம் கொள்ளும் மதிப்பை நான் அதனிடம் கொண்டது அந்தப் பயணத்தில்தான்.

முதல் ஒரு மாதம் அடைக்கோழி அமையவில்லை; அதுவரை வந்த முட்டைகள் கப்பலுக்குச் சென்றன. அதன்பின் கொல்லையில் அது இட்ட முட்டைகள் ஒவ்வொன்றிலும் கரியால் குறியிட்டேன். போதுமான முட்டைகள் சேர்ந்ததும், அடையிலிருந்த நாட்டுக்கோழியின்கீழ் வைத்தோம். கிடங்கின் சாவியை முதலாளி தம் இடுப்பிலேயே வைத்திருந்தார். மூன்று வாரமும் அவரையும் என்னையும் தவிர எவரும் உள்ளே செல்லவில்லை.

பொரிக்கும் நாளன்று அஞ்சலையையும் அழைத்திருந்தோம். தாய்க்கோழியை மெல்லத் தூக்கினேன். கீழே அத்தனையும் மஞ்சள் பஞ்சு உருண்டைகள். வளர்ந்தால் வெள்ளையாகும் குஞ்சுகள் பொரிக்கும்போது மஞ்சளாகத்தான் இருக்கும். கறுப்பு ஒன்றுமில்லை. வரிக்கோடு ஒன்றுமில்லை.

அஞ்சலை குனிந்து ஒவ்வொரு குஞ்சாக விலக்கிப் பார்த்தாள். கடைசிக் குஞ்சையும் பார்த்துவிட்டுச் சட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவினாள். அங்கே வெறும் ஓடுகள் இருந்தன.

"எப்டி?" என்றாள். எங்களைக் கேட்கவில்லை, கோழியைப் பார்த்துக் கேட்டாள்.

முதலாளி கொடுமைக்காரர் அல்லர். குரலை உயர்த்தவும் இல்லை. "விடு தாயி. கரியும் பூச வேண்டாம், ஒண்ணும் பூச வேண்டாம். குப்பத்துல இருக்குத எங்கோழி அம்புட்டும் திரும்பி வந்துரட்டும். இந்த ஏவாரம் நமக்கு ஒத்து வரல" என்றார். வாராமல் கிடந்த தலையோடு வந்திருந்த அப்பெண் வெளியேறினாள்.

6. பாக்கியத்தின் கேலி

மறுநாள் குப்பத்துக் கோழிகளைத் திரும்பப் பிடித்துவர நான் சென்றேன். அதற்குள் பெண்கள் முட்டையின் பயனைக் கண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் வேறெவரிடமும் முட்டை இல்லாதபோது இவர்களிடம் இருந்தது. ஆகவே எவரும் கோழியைக் கொடுக்க மனமின்றி, ஆத்திரம் அனைத்தையும் அஞ்சலைமீது திருப்பினார்கள். அவள் தன் வாசலில் அமர்ந்து எவர் வீட்டு வலையையோ சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியம் இடுப்பில் கைவைத்துத் தெரு நடுவில் நின்றாள். "நல்லா இருடியம்மா! நீ ஒருத்தி குஞ்சுல கைய வெச்ச, நாங்க அத்தினி பேரும் கோழிய குடுத்துட்டு நிக்கறோம். ஒரே பேஜாரு!"

"நான் கைய வெக்கல."

"வெக்கலயா? மொதலாளி வூட்டுல மஞ்ச மஞ்சளா பொரிக்குது, உன் வூட்டுக்கு வந்தா மட்டும் கறுப்பா பொரிக்குமா?" என்ற பாக்கியம், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் குரலை இழுத்தாள். "ஆமாமா, பொரிக்கும்! அங்க அதுக்கு வெள்ளைக்கார மாப்ள. இங்க வந்ததும் என் வூட்டுக் கருப்பன் சேவ கூடதான சுத்திகினு இருந்துச்சு! அப்பால கறுப்பா பெக்காம?"

தெருவே சிரித்தது. ஒரு கிழவர் கட்டுமரத்தைத் தட்டிச் சிரித்தார். நானும் புன்னகைத்தேன் என்றே நினைவு. பிறகு என் புன்னகை நின்றது. கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன்.

அஞ்சலையும் வலையைக் கீழே வைத்தாள். "அண்ணாத்தே, உங்க கொல்லைல எந்தச் சேவ கீது?"

"வெள்ளைச் சேவல்."

"வேற?"

"வேறு இல்லை. அது ஒன்றுதான்."

சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. பாக்கியம் மட்டும், "இன்னா? நான் தமாசுக்குத்தான சொன்னேன்?" என்றாள்.

"ஏண்டி, அதானேடி நெசம்!" என்று அஞ்சலை எழுந்தாள். அத்தனை நாள் ஏசியவளின் கையை அவள் பிடித்துக்கொண்டதையும், பாக்கியம் அதை உதறாமல் நின்றதையும் நான் பார்த்தேன்.

இத்தனை எளிய செய்தி எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். கோழியை இடம் மாற்றினோம், பூட்டைப் போட்டோம், முட்டையில் குறியிட்டோம். சேவல் எப்போதும் கொல்லையில் நிற்பது. நாள்தோறும் கண்ணில் படுவதால் அது கணக்கில் வரவில்லை.

7. இரண்டாம் சோதனை

கோழி எதையும் பிடிக்காமல் வெறுங்கையோடு கடைக்குத் திரும்பி நடந்ததைக் கூறினேன். முதலாளிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தலையைச் சொறிந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பெரேராவின் வீட்டுக்குப் புறப்பட்டார். அதுவரை பெரேரா ஊரில் இல்லை. ஜோலார்பேட்டையில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தார்.

பெரேரா விவரம் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கிராஸ் கோழிய வளக்கலாம் மேன், அதுகிட்ட குஞ்சு கேக்கக் கூடாது. அது பாதி அப்பன், பாதி அம்மா. வெள்ளையும் உள்ள கீது, கலரும் உள்ள கீது. லெகார்ன் சேவலோட விட்டா வெள்ளைதான் வரும். தெருச் சேவலோட விட்டா சீட்டாட்டம் மாதிரி, எந்தக் கார்டு வேணாலும் விழும்."

"துரை சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா அன்னைக்கு நாலு பேர் முன்னால கோழியே சொல்லட்டும்னு சொன்னேன். கோழியே சொல்லட்டும்" என்றார் முதலாளி.

"அப்ப ஒண்ணு செய். வெள்ளைச் சேவல நாளைக்கே தனியா அடை, அந்தத் தெருச் சேவல கோழியோட விடு. ஆனா மூணு வாரத்துக்கு வர்ற முட்டைய அடைக்கு வைக்காதே. பழைய சேவலோட வேலை அதுவரைக்கும் உள்ள இருக்கும்."

தம் தீர்ப்பு தவறாயிருக்கலாம் என்று தோன்றிய அந்த நாளிலேயே அதை மறுபடி சோதிக்க முன்வந்தவரை, அதற்குமுன்னும் பின்னும் என் பணியில் நான் அதிகம் கண்டதில்லை.

பாக்கியம் தன் கருப்பன் சேவலைத் தானே தூக்கிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்தாள். "சேவலுக்கு வாரம் இன்னா நைனா குடுப்ப?" என்று முதலாளியைக் கேட்டாள். "மொதல்ல அது யோக்கியதையைக் காட்டட்டும் தாயி" என்றார் அவர். மூங்கில் தட்டியின் இருபுறமும் நின்று இரண்டு சேவல்களும் நாள் முழுதும் ஒன்றையொன்று வைதுகொண்டிருந்தன. கோழி எவரையும் பொருட்படுத்தாமல் தன் முட்டையை இட்டுக்கொண்டிருந்தது. பெரேரா விலக்கச் சொன்ன நாட்களின் முட்டைகள் கப்பலுக்குச் சென்றன. அதன்பின் வந்தவற்றை அடைக்கு வைத்தோம். அந்தக் காலம் முழுவதும் அஞ்சலை உப்புமீன் காயவைக்கும் வேலையிலேயே இருந்தாள்.

இம்முறை முதலாளி தாமே மண்டியிட்டுத் தாய்க்கோழியின்கீழ் கைவிட்டார். முதலில் வந்தது மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். அஞ்சலை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள். மூன்றாவதாக அவர் உள்ளங்கையில் ஏறி வந்தது கறுப்பு, கரித்துண்டு போன்ற கறுப்பு. அதன்பின் ஒரு வரிக்கோடு, ஒரு செவலை, மறுபடி மஞ்சள், மறுபடி கறுப்பு.

"கருப்பா, என் ராசா!" என்று பாக்கியம் தட்டிக்கு அப்பால் நின்ற தன் சேவலைக் கூவி அழைத்தாள்.

முதலாளி கறுப்புக் குஞ்சைக் கையிலேயே வைத்திருந்தார். "கோழி சொல்லிட்டுது" என்றார்.

இத்தொழிலுக்கு வரும் இளையோர் அறியவேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கலப்புக் கோழியின் பெருமை அதன் முட்டையில் இருக்கிறது. அக்குஞ்சுகள் வளர்ந்தபின் அவற்றின் முட்டையையும் பார்த்தோம். தாய்க்கு நிகராக ஒன்றும் இல்லை. ஆகவே அதன்பின் வாரத்தின் விதியை மாற்றினோம். முட்டையில் பாதி வளர்ப்பவளுக்கு, பாதி கடைக்கு. புதிய கோழி வேண்டுமெனில் லெகார்ன் சேவலையும் ரோட் ஐலண்ட் கோழியையும் சேர்த்து, நாட்டுக்கோழியின் அடையில் பொரித்துக் கடையே கொடுக்கும். அடை உட்காராத கோழியும் அடை உட்காரும் கோழியும் சேர்ந்தே இத்தொழிலை நடத்தின. மழைக்காலத்திலும் கப்பலுக்கு முட்டை தவறாமல் சென்றது. குப்பத்தில் எந்த வீடும் கோழியைத் திருப்பித் தரவில்லை.

இவ்வேற்பாடுகள் எல்லாம் பின்னர் வந்தவை. குஞ்சு பொரித்ததற்கு மறுநாள் விடியலில் நடந்ததைக் கூறி முடிக்கிறேன்.

முதலாளி என்னையும் அழைத்துக்கொண்டு கரைக்குச் சென்றார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. மீன்காரப் பெண்கள் வட்டமாக நின்றார்கள். அஞ்சலையை அவர் முன்பே வரச் சொல்லியிருந்தார். சலவை வேட்டியோடு ஈர மணலில் நின்று, ஏலக்காரர் கூவுவதை நிறுத்தும்வரை காத்திருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அஞ்சலை எங்குஞ்சுல ஒண்ணையும் தொடல. நாந்தான் தப்பாச் சொன்னேன். கடையில வச்சு நாலு பேர் முன்னால சொன்னேன், இப்பம் கரையில வச்சு நாப்பது பேர் முன்னால மாத்திச் சொல்லுதேன்."

ஏலக்காரர் மறுபேச்சின்றி அஞ்சலையின் கூடையை இழுத்து, அதில் மீனை நிறைக்கத் தொடங்கினார். கூடை நிறைந்தது. நிறைந்த கூடையைத் தலைக்கு ஏற்ற மற்றொருவர் கை வேண்டும். பாக்கியம் முன்னால் வந்தாள். அஞ்சலை அவளைக் கையால் தடுத்து, முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"சொன்னது போதும் நைனா. ஒரு கை குடு."

அவர் ஒரு கணம் தம் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பின்னர் குனிந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை அவள் பிடித்தாள். கூடை அவள் தலைக்கு ஏறும்போது மீன் தண்ணீர் அவர் தோளிலிருந்து மார்புவரை வழிந்தது. அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "வஞ்சிரம், வவ்வாலு" என்று குரல் கொடுத்தவாறே கல்மண்டபத்துப் பக்கம் நடந்தாள். விலை இறங்குமுன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவள் நடையில் இருந்தது.

திரும்பும் வழியில் முதலாளி, நனைந்த சட்டையை உடம்பிலிருந்து விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சபாபதி, இனிமே நான் யாரையாவது திருடன்னு சொல்ல வாயத் தொறந்தா, கொல்லையில எந்தச் சேவல் நிக்கின்னு மொதல்ல கேளும்."

அவர் கடையில் நான் பணியாற்றிய காலம் முழுவதும் அதை இரண்டு முறை கேட்க நேர்ந்தது. இரண்டு முறையும் அவர் வாயை மூடிக்கொண்டு மறுபடி விசாரித்தார்.